லேவியராகமத்தில் நின்றுபோனவர்களுக்கு: தினமும் வேதம் வாசிக்க ஆறு வாரப் பயிற்சி

ஜனவரி 1ஆம் தேதி வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆரம்பித்து, பிப்ரவரியில் மூடி வைத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்தில் செங்கடலைத் தாண்டும்வரை கவலையே கிடையாது. 25ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட கூடாரத்தின், அளவுகள் தொடங்கும். முழம், பலகை, கொக்கி, திரை. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தால், பலிமுறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம். என் புத்தகக்குறி மாதக்கணக்கில் குடியிருந்தது அங்கேதான்.

பக்தி போதவில்லை என்றுதான் அப்போது என்னை நொந்துகொண்டேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க தினமும் மூன்று அதிகாரத்துக்கு மேல் வாசிக்க வேண்டும். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள், இன்னும் கூடும். வாசிப்பே பழகாதவனுக்கு அது பெரிய அளவு. அளவைக் குறைத்தேன், தொடங்கும் இடத்தையும் மாற்றினேன். அந்த முறையைத்தான் கீழே சொல்கிறேன்.

முதல் படி: மாற்கிலிருந்து தொடங்குங்கள்

நான்கு சுவிசேஷங்களில் சிறியது மாற்கு. 16 அதிகாரங்கள்தான், நடையும் வேகமானது. "உடனே" என்ற பொருள்படும் கிரேக்கச் சொல் அதில் ஏறக்குறைய 40 இடங்களில் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும், சுமார் பதினைந்து வசனம் இருக்கும். இப்படிப் போனால் ஆறு ஏழு வாரத்தில் முடியும். 14ஆம் அதிகாரத்தில் மட்டும் 72 வசனங்கள் உள்ளன. அதை நாலைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதிகார எண்ணைப் பார்த்து நிறுத்தாதீர்கள். மூலத்தை எழுதியவர்கள் எண்கள் போடவில்லை. இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் வந்தன. சில இடங்களில் பேச்சின் நடுவிலேயே வெட்டு விழுந்திருக்கிறது. உதாரணத்துக்கு மாற்கு 9:1ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 8ஆம் அதிகாரத்தின் கடைசிப் பேச்சோடு சேர்த்து வாசித்தால்தான் அது பொருந்தும்.

இரண்டாம் படி: எந்த மொழிபெயர்ப்பு?

சபையில் வாசிப்பது எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், காதுக்குப் பழகியிருக்கும். பழைய மொழிபெயர்ப்பின் ஓசை எனக்கு உயிர். ஆனால் "திமிர்வாதக்காரன்" என்றால் பக்கவாதம் வந்தவர் என்று எனக்கே வெகுநாள் தெரியாது. அதனால் எளிய தமிழில் உள்ள இன்னொன்றும் பக்கத்தில் இருக்கட்டும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் பெயர்கள் மாறியிருக்கும். சங்கீதம் அதில் திருப்பாடல்கள், சுவிசேஷம் நற்செய்தி. புத்தகத்தைக் காணோம் என்று பயந்துவிட வேண்டாம்.

மூன்றாம் படி: நேரம்

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வாசிக்கத் தீர்மானம் எடுத்தேன். மூன்றாம் நாள் வேதத்தின் மேலேயே தூங்கிவிட்டேன். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலைக்குப் பின்னால் இதைச் சேர்த்துவிடுங்கள். குளித்து முடித்ததும், அல்லது இரவு படுக்கையை விரித்ததும். பதினைந்து நிமிடம் போதும். நாளைக்கான பக்கத்தை இன்றே திறந்து வையுங்கள். செல்போனில் வாசிப்பதும் தப்பில்லை, ஆனால் வாசிக்கும்வரை இணையத்தை அணைத்து வைப்பது நல்லது. இந்த விஷயத்தில் என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் நான் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

நான்காம் படி: அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்வது?

அவசரப்படக் கூடாதது இந்தப் படியில்தான். முதலில் ஒரு வரி ஜெபம். பிறகு பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள், இரண்டாம் தடவை வாய்விட்டு. அடுத்து மூன்று கேள்விகள்: யார் யார் இருக்கிறார்கள்? யார் பேசுகிறார், யார் பேசவில்லை? எந்த வார்த்தை என்னை நிறுத்தியது?

மாற்கு 2:1-12ஐ எடுத்துப் பார்ப்போம். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசலில்கூட இடமில்லாத கூட்டம். நாலுபேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள், வழியில்லாமல் மேற்கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். ஞாயிறு பள்ளியிலேயே கேட்ட கதை. சரி, கேள்விகளைக் கேளுங்கள். அந்த நோயாளி ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர்களும், அதாவது யூதச் சட்டம் கற்ற அறிஞர்களும், வாய் திறக்கவில்லை, உள்ளத்தில் யோசிக்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் வசனத்தில் இயேசு பார்ப்பது "அவர்கள் விசுவாசத்தை". அவன் விசுவாசத்தை என்று இல்லை, "அவர்கள்" என்று பன்மையில் இருக்கிறது. பல வருடம் கேட்ட கதையில் அந்த ஒரு சொல்லை நான் கவனித்ததே இல்லை. கடைசியில், அவனைச் சுமந்து வந்த படுக்கையை அவனே சுமந்துகொண்டு போகிறான்.

வியாக்கியானப் புத்தகத்தை முதலிலேயே திறந்திருந்தால் இதெல்லாம் வேறொருவர் கண்டுபிடித்ததாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். விளக்கவுரை வேண்டும்தான், ஆனால் உங்கள் கண் பார்த்த பிறகு. நேரம் இருந்தால் லூக்கா 5லும் மத்தேயு 9லும் இதே சம்பவத்தைப் பாருங்கள். லூக்கா ஓடுகளைப் பற்றிச் சொல்கிறார், மத்தேயு கூரையைப் பற்றி மூச்சே விடவில்லை.

அப்புறம் ஒரு நோட்டில் தேதி, பகுதி, ஒரே ஒரு வரி. அன்று நான் எழுதியது: "என்னை யார் சுமந்தார்கள்?" அதையே ஜெபமாக்கி முடித்தேன். புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். என் நோட்டில் கேள்விக்குறிகள்தான் அதிகம். போதகரிடமோ, விவரம் தெரிந்த நண்பரிடமோ மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலோடு போய் உட்கார்ந்தால் பேச்சு நன்றாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: விட்டுப்போன நாள்

காய்ச்சல், பயணம், வீட்டில் சண்டை, சும்மா சோம்பல். கண்டிப்பாக விட்டுப்போகும். விட்டதை மறுநாள் சேர்த்து வாசிக்காதீர்கள். இரண்டு நாள் பாக்கி நாலாகும், நாலு பத்தாகும், அப்புறம் வேதத்தைப் பார்த்தாலே கடன்காரரைப் பார்த்த மாதிரி ஒளியத் தோன்றும். தேதி போட்ட அட்டவணையை நான் கிழித்துப்போட்டது இதனால்தான். விட்ட இடத்திலிருந்து அன்றைய ஒரு சம்பவத்தை மட்டும் வாசியுங்கள். மனம் ஒட்டாத நாளில் 117ஆம் சங்கீதம் இருக்கிறது, மொத்தமே இரண்டு வசனம்.

மாற்கின் முடிவுக்கு வரும்போது 16:8க்குப் பிறகு சில பதிப்புகளில் ஒரு அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இருக்கும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு 8ஆம் வசனத்தோடு முடிகிறது, அதனால்தான் அந்தக் குறிப்பு. அதைத் தாண்டிவிட வேண்டாம். அன்று 8ஆம் வசனத்தோடு நிறுத்தி, கல்லறையிலிருந்து பயத்தோடு ஓடும் பெண்களோடு ஒரு நாள் இருந்து பாருங்கள். மீதியை மறுநாள் வாசிக்கலாம். அதற்கு அடுத்த நாள் லூக்கா, பிறகு அதே ஆசிரியரின் அப்போஸ்தலர் நடபடிகள். லேவியராகமம் எங்கும் போய்விடாது. நான் மூன்றாம் வருடம்தான் அதை முடித்தேன்.