ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்தால் முதல் 60 நாளில் செய்ய வேண்டியவை

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 14 வருஷம் வேலை செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங் என்று கூப்பிட்டு, எங்கள் லைனில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். நோட்டீஸ் காலத்துக்குப் பதில் சம்பளம், அன்றே கடைசி நாள். வீட்டுக்கு வந்து கடிதத்தைச் சாமி மேடையில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்தேன். 16 நாள் தொடவில்லை. விடியற்காலையில் எங்கள் குடியிருப்பின் முனையில் ஃபெக்டரி பஸ் வந்து நிற்கும். கதவு திறக்கும் சத்தம், ஆட்கள் ஏறும் சத்தம், அப்புறம் பஸ் கிளம்பும் சத்தம். படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மேல்மாடி அக்காதான் என்னை எழுப்பி உட்கார வைத்தார். 2020-இல் ஹோட்டல் வேலை போனவர் அவர். நான் அழ ஆரம்பித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசி நாள்னு என்ன தேதி போட்டிருக்கு?" நான் விழித்தேன். "அழுகையை அப்புறம் பாத்துக்கலாம் தங்கச்சி. சொக்சோவுக்கு அறுபது நாள்தான் டைம்." சொக்சோ என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்.

அதனால் உங்களுக்கும் முதலில் இதையே சொல்கிறேன். தேதியைப் பாருங்கள். நம் சம்பளத்தில் மாதாமாதம் 0.2 விழுக்காடு பிடித்தார்களே, அது வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு. 2018-இல் இருந்து நடப்பில் இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பித்தால் வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் (சந்தா பிடிக்கக் கணக்கில் எடுத்த சம்பளம்) 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் எவ்வளவு காலம் சந்தா கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆறு மாதமும் வரும் என்று நினைத்துச் செலவு செய்யாதீர்கள்.

ஒன்றை மட்டும் கையைப் பிடித்துச் சொல்ல ஆசை. "நீங்களே ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பேர் கெடாது" என்று யாராவது சொன்னால் எழுதாதீர்கள். சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு இந்த உதவித்தொகை கிடையாது. எங்கள் லைனில் ஒரு தம்பி பயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். அவனுக்காக இன்றும் மனசு வலிக்கிறது.

அடுத்தது இழப்பீடு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருந்தால் 1980-ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைகள் உங்களைக் காக்கும். இரண்டு வருஷத்துக்குள் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். வேலை முடிந்து 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். என்னை வேலையில் நிரந்தரமாக்கிய நாளிலிருந்துதான் எண்ணியிருந்தார்கள், ஆறு மாதம் குறைந்திருந்தது. பழைய பிஸ்கட் டின்னில் பத்திரமாக மடித்து வைத்திருந்த வேலை நியமனக் கடிதம் கிடைத்தது. ஓரம் பழுத்து, மடிப்பில் கிழிந்திருந்தாலும் சேர்ந்த தேதி தெளிவாக இருந்தது. நகல் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், திருத்திக் கொடுத்தார்கள். கொடுக்க மறுத்தால் லேபர் ஆபிஸில் புகார் செய்யலாம். நீக்கியதே நியாயமில்லை, வேலை திரும்ப வேண்டும் என்றால் தொழில் உறவுத் துறையில் முறையிட வேண்டும். அதற்கும் 60 நாள்தான்.

வீட்டில் எப்படிச் சொல்வது? நான் தள்ளிப் போட்டதுதான் பெரிய தவறு. மகன் ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதும் வருஷம். அவனுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். அவனோ என் யூனிஃபார்ம் துணிக்கொடியில் தொங்காததைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தான். இரவு சாப்பாட்டு மேசையில் அவனுடைய பழைய கணக்கு நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் வாடகை, மோட்டார் கடன், கரண்ட், டியூஷன் என்று அவனே எழுதினான். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டியூஷனைத் தொடவில்லை. அஸ்ட்ரோ டிவியை நிறுத்தினோம். கல்யாண மொய்யைப் பாதியாக்கினோம். உறவுக்காரர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதும், அப்புறம் யாரும் கேட்பதில்லை.

கடன் தவணை கழுத்தை நெரித்தால் பாக்கி விழும் முன்பே ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. தவணையைக் குறைத்து வங்கிகளோடு பேசித் தருவார்கள். வட்டிக்காரரிடம் போகவே போகாதீர்கள். இபிஎஃப் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் இருக்கும் பணம் கடைசிக்கு இருக்கட்டும். இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்த வாரம் யாராவது நாசி லெமாக் கடை போடலாம், பங்கு சேர் என்று வருவார்கள். மூன்று மாதம் எதிலும் போடாதீர்கள் என்பது என் கருத்து.

காலைப்பொழுதுதான் மிகக் கடினம். பஸ் சத்தத்தைக் கேட்கவே கூடாது என்று, அதற்கு முன்பே எழுந்து தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏற ஆரம்பித்தேன். மூச்சு வாங்கும்போது வேறு நினைப்பு வராது. இறங்கி வந்து எட்டு மணிக்கு மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற அரசு வேலைதேடல் இணையதளத்தில் ஒரு மணி நேரம் விண்ணப்பங்கள். வேலை தேடியதற்கு ஆதாரம் காட்டினால்தான் சொக்சோ உதவித்தொகை தொடரும், அதனால் எங்கே எப்போது விண்ணப்பித்தேன் என்று அதே கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் கிளினிக்கில் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் மாதம் பத்து மாவுங்கில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. உடனே சொக்சோவில் தெரிவித்தேன். சீக்கிரம் வேலையில் சேர்ந்தால், பாக்கி மாதங்களுக்கு வரவேண்டிய தொகையில் 25 விழுக்காட்டை மொத்தமாகக் கொடுக்கிறார்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. நான் கேட்டு வாங்கி, மகனின் டியூஷன் பாக்கியைக் கட்டினேன்.