இவன் சாம்பியனே இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி: ஹெவிவெயிட் விவாதத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாக்சிங்ல ஹெவிவெயிட் பெல்ட் (எடை அதிகமான பிரிவோட உலகப் பட்டம்) ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் அதே கேள்வி கிளம்பிடும், "இவன்லாம் உண்மையான சாம்பியனா?" புதுசா பாக்சிங் பாக்க வந்தவங்க இதைப் பேசறதைக் கேட்டா, பல வருஷம் முன்னாடி நாங்க தொண்டை கிழிய கத்தின அதே வாதங்கள், வரி மாறாம வருது. நாக்அவுட் பர்சன்டேஜை மட்டும் வச்சுப் பேசறது, ஹைலைட்ஸ் பாத்துட்டு தீர்ப்பு சொல்றது இதெல்லாம் முழு ஃபைட் நாலு பாத்தா தானா சரியாயிடும், அதை விட்டுடறேன். ஒட்டிக்கிட்டு போகாத தப்பு வேற சிலது இருக்கு.

பெல்ட்டை எண்ணி முடிவு பண்றது

டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓன்னு நாலு அமைப்பு தனித்தனியா பெல்ட் கொடுக்குது, அந்த நாலு பெல்ட்டும் இருந்தாதான் சாம்பியன்னு இப்ப ஒரு பேச்சு. டபிள்யூபிஓ ஆரம்பிச்சதே 1988-லதான். 1999 நவம்பர்ல லென்னாக்ஸ் லூயிஸ் ஹோலிஃபீல்டை ஜெயிச்சப்ப அவர்கிட்ட இருந்த பெரிய பெல்ட் மூணு, அப்பவும் உலகமே அவரைத்தான் மறுக்க முடியாத சாம்பியன்னு சொல்லுச்சு. உக்ரைன் பாக்சர் ஒலெக்சாண்டர் உசிக் 2024 மே மாசம் ரியாத்ல டைசன் ஃப்யூரியை ஜெயிச்சு நாலையும் சேத்தாரு, அடுத்த மாசமே ஐபிஎஃப் பெல்ட்டை விட வேண்டியதாப்போச்சு, ஏன்னா ஃப்யூரியோட ரீமேட்ச் கான்ட்ராக்ட்ல இருந்துச்சு, ஐபிஎஃப் தன்னோட கட்டாய சேலஞ்சரோடதான் (சாம்பியன் மோதியே ஆகணும்னு அமைப்பு நிறுத்தற ஆளு) அடுத்த ஃபைட்னு நின்னுச்சு. மே மாசம் நம்பர் ஒன்னா இருந்த ஆளு ஜூன்ல ஒரு குத்து கூட வாங்காம கீழ இறங்கிட்டாரா?

டபிள்யூபிஏ ரெகுலர் பெல்ட்

எண்ணாதீங்க. அது ரெண்டாம் நிலை பெல்ட்தான், அதே அமைப்புல மேல ஒரு சூப்பர் சாம்பியன் உக்காந்திருக்காரு.

பெல்ட் வந்த வழியைப் பாத்தே ஆளை முடிச்சுக் கட்டறது

இதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் எரிச்சல் வர்ற தப்பு. ரிங்ல ஜெயிக்காம பேப்பர்ல பெல்ட் வந்துச்சா, உடனே "பேப்பர் சாம்பியன்"னு முத்திரை குத்திடுவாங்க, அதுக்கப்புறம் அவன் என்ன செஞ்சாலும் அந்த முத்திரை போகாது.

உசிக் விட்ட அந்த ஐபிஎஃப் பெல்ட் டேனியல் டுபுவாவுக்குப் போச்சு. ஹ்ர்கோவிச்சை நிறுத்தி (ஃபைட்டைத் தொடர முடியாம பண்ணி) இன்டரிம் பெல்ட், அதாவது தற்காலிக பெல்ட், வச்சிருந்தாரு, அதை அப்படியே முழு பெல்ட்டா உயர்த்திட்டாங்க. 2024 செப்டம்பர்ல லண்டன் வெம்ப்லில ஆன்டனி ஜோஷுவாவோட ஃபைட், அதுக்கு முன்னாடி நண்பர் ஒருத்தரோட எனக்கு பெரிய வாக்குவாதம். "மெயில்ல வந்த பெல்ட்டுக்கு என்னடா மரியாதை, ஜோஷுவா போய் எடுத்துட்டு வந்துடுவான்"னாரு. ஃபைட்ல என்ன ஆச்சு, முதல் ரவுண்டுலயே ஜோஷுவா கீழ விழுந்தாரு, அஞ்சாவது ரவுண்டுல ஆட்டமே முடிஞ்சுது. சரி, இப்பவாவது ஒத்துக்குவாருன்னு பாத்தா, "ஜோஷுவா முடிஞ்சுபோன ஆளு, அவனை ஜெயிச்சது ஒரு ஜெயிப்பா"ன்னு ஆரம்பிச்சாரு. ஒரு வாரம் முன்னாடி பெல்ட்டை எடுத்துட்டு வரப்போறவரு, இப்ப முடிஞ்சுபோன ஆளு! 2025 ஜூலைல உசிக் டுபுவாவை அஞ்சாவது ரவுண்டுல நாக்அவுட் பண்ணதும் "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு வந்தாரு. உசிக்கிட்ட தோக்கறது பேப்பர் சாம்பியன்கறதுக்கு சாட்சின்னா, ஃப்யூரியும் ஜோஷுவாவும் கூட பேப்பர்தானே, அவங்களும் உசிக்கிட்ட ரெண்டு ரெண்டு தடவை தோத்தவங்கதானே?

டுபுவா உலக நம்பர் ஒன்னுன்னு நான் ஒருநாளும் சொல்லல. நம்பர் ஒன் உசிக்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா "யாரு டாப்" ஒரு கேள்வி, "இந்த ஆளு வச்சிருக்கிற பெல்ட்டுக்கு இவன் தகுதியானவனா" இன்னொரு கேள்வி. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பினா இப்படித்தான் சுத்தி சுத்தி வரணும்.

பழைய கதைய எடுங்க. 1978-ல லியோன் ஸ்பிங்க்ஸ் முகமது அலியை ஜெயிச்சிட்டு, கென் நார்ட்டனோட மோதாம அலியோடயே மறுபடி மோதப் போனதால டபிள்யூபிசி பெல்ட்டைப் பிடுங்கி நார்ட்டன் கையில கொடுத்துச்சு. பக்கா பேப்பர் பெல்ட். அந்த ஜூன்லயே லாரி ஹோம்ஸ் அதுக்காக நார்ட்டனோட 15 ரவுண்ட் மோதினாரு, மூணு ஜட்ஜோட கார்டுலயும் ஒரே ஒரு பாயின்ட்தான் வித்தியாசம், கடைசி ரவுண்டுல ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டதை இன்னிக்கும் உக்காந்து பாக்கலாம். பேப்பர்ல பொறந்த அந்த பெல்ட்டோட ஆரம்பிச்ச ஹோம்ஸ் 1985 வரைக்கும் தோக்கவே இல்ல, முதல் ஃபைட்ல இருந்து எண்ணினா 48 ஃபைட் தோல்வியே இல்லாம போனாரு. "பேப்பர்"னு ஒதுக்கினவங்களுக்கு நஷ்டம் என்னன்னா, ஹெவிவெயிட் வரலாற்றோட மிகச் சிறந்த ஜாப்களில் (முன் கையால நேரா விடற குத்து) ஒண்ணை ஏழு வருஷம் சரியா பாக்காமலே விட்டாங்க.

லூயிஸ் கதையும் அதேதான். 1992 டிசம்பர்ல ரிடிக் போவ் லூயிஸோட மோதறதுக்குப் பதிலா லண்டன்ல டபிள்யூபிசி பெல்ட்டை குப்பைத்தொட்டில போட்டாரு, அது லூயிஸுக்கு வந்துச்சு. ஆனா 1988 சியோல் ஒலிம்பிக் ஃபைனல்ல அதே போவை ரெண்டாவது ரவுண்டுல நிறுத்தினவரு லூயிஸ். புரொஃபஷனலா போவ் அவரோட ஒரு தடவை கூட மோதல. அப்ப யாரைப் பேப்பர்னு சொல்லணும்?

எல்லா பேப்பரும் தங்கமாகாது, அதையும் சொல்லிடறேன். சார்ல்ஸ் மார்ட்டின் 2016 ஜனவரில காலி ஐபிஎஃப் பெல்ட்டை எடுத்தது எதிராளி கிளாஸ்கோவுக்கு மூணாவது ரவுண்டுல முழங்கால் முட்டி போனதால, ஏப்ரல்ல ஜோஷுவாகிட்ட ரெண்டாவது ரவுண்டுல விட்டுட்டாரு. அதனால பெல்ட் கைக்கு வந்த அன்னிக்கு எதுவும் முடிவு பண்ணாதீங்க, அடுத்து யாரோட மோத ஒத்துக்கறான், அங்க எப்படி நிக்கறான்னு பாருங்க, அதுக்கப்புறம் பேசுங்க.

லீனியல்னு சொல்லி வாயை அடைக்கறது

"சாம்பியனை ஜெயிச்சவன்தான் சாம்பியன்"கறது எனக்கும் பிடிச்ச கணக்குதான். ஆனா ஃபோர்மன் 1994-ல 45 வயசுல அப்ப சாம்பியனா இருந்த மூரரை நாக்அவுட் பண்ணி லீனியல் ஆனாரு, அடுத்த மூணு வருஷம் டாப் ஆளுங்க யாரோடயும் மோதாமலே அந்தப் பேரை வச்சிருந்தாரு. அந்த நேரத்துல நிஜமான ஹெவிவெயிட் யுத்தம் மைக் டைசன், ஹோலிஃபீல்ட், லூயிஸ் பக்கம் நடந்துட்டு இருந்துச்சு. அதோட மார்சியானோ, லூயிஸ் மாதிரி யாராவது டாப்ல இருக்கும்போதே ரிட்டயர் ஆனா சங்கிலியே அறுந்துடும், மறுபடி எங்க முடிச்சுப் போடறதுன்னு தனியா ஒரு சண்டை.

வயசானவனை அடிச்சான்னு சொல்றது

ஃபைட்டுக்கு முன்னாடி யாரு ஃபேவரிட்னு பாருங்க. 2015-ல ஃப்யூரிகிட்ட தோத்தப்ப க்ளிச்கோவுக்கு 39 வயசு, ஆனா முன்னாடி ஃப்யூரி ஜெயிப்பாருன்னு சொன்னவங்க ரொம்பக் கம்மி.

பெல்ட்டைப் பறிச்சதை தோல்வியா எண்ணறது

1967, அலி. ராணுவத்துல சேர மறுத்ததுக்கு பறிச்சாங்க. ரிங்ல அவரை முதல்ல ஜெயிச்சது 1971 மார்ச்ல ஃப்ரேசியர்.