வளைந்த தேக்கு மேடையைச் சரிசெய்த விதம்

எங்கள் சமையலறைக்காகத் தேக்குப் பலகைகளைப் பசையிட்டு இணைத்து நானே செய்த மேடை, முதல் ஐப்பசி மழையிலேயே நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலெழும்பி நின்றது. மேற்புறத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் பூசி, அடிப்புறத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அது ஈரத்தை உறிஞ்சி விரிந்ததுதான் காரணம். திருகாணிகளையும் அசைய இடமின்றி இறுக்கியிருந்ததால், கோடையில் மரம் சுருங்கியபோது ஒரு பலகை விரல் நீளத்துக்கு வெடித்தது.

மேடையைக் கழற்றி, இருபுறமும் காற்றுப் படும்படி சட்டங்களின்மேல் மூன்று வாரம் வைத்தேன். வெடிப்பில் பசை செலுத்தி இறுக்கியபின், இழைப்புளியால் சமன்செய்து, 80, 120, 180 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தேன். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததும் எழுந்து நின்ற நுண்ணிய நார்களை, உலர்ந்தபின் மீண்டும் தேய்த்தெடுத்த பிறகுதான் உள்ளங்கைக்கு வழவழப்புத் தெரிந்தது. பிறகு இருபுறங்களுக்கும் சம அளவில் எண்ணெய் பூசினேன். தொட்டியை ஒட்டிய வெட்டுமுனைகள் மட்டும் பூசப்பூசக் குடித்துக்கொண்டே இருந்தன. மரம் அகலவாக்கில்தான் பெரிதும் விரிந்து சுருங்கும் என்பதால், அடிச்சட்டத் துளைகளை அத்திசையில் நீட்டி, வாஷரோடு திருகினேன். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், வெளியே கொடியில் விரித்து உலர்த்துங்கள்.