மும்பையில் அடித்தளக் குழியின் ஊற்று நீரை இறைக்கும் முறை

சயான், தாராவி போன்ற தாழ்வான பகுதிகளில் பேஸ்மென்ட் தோண்டும் நம் மேஸ்திரிகளுக்கு மண்ணைவிட ஊற்றுதான் பெரிய சோதனை. கழிமுகத்தை ஒட்டிய இடங்களில் பாறையின் மேல் கடற்களிமண்ணும் கொட்டி நிரப்பிய மண்ணும் கிடப்பதால், கடல் ஏற்றத்தின்போது நிலத்தடி நீரும் உயரக்கூடும். ஆகவே, குழிக்கு வெளியே துளையிட்ட குழாயை இறக்கி, ஏற்றத்திலும் வற்றத்திலும் நீர்மட்டத்தை அளந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பாறையாகவோ கெட்டி மண்ணாகவோ இருந்தால், குழியின் ஓரமாக வாய்க்கால் வெட்டி, மூலையில் இரண்டடி ஆழமாகத் தோண்டி, ஓட்டையிட்ட டிரம்மை வலை சுற்றி இறக்கி, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, அதற்குள் பம்பை வைத்தால் போதும். மணற்பாங்கான மண்ணில் இந்த முறை மணலையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அங்கே குழியைச் சுற்றி மெல்லிய வடிகுழாய்களை இறக்கி, வெற்றிடப் பம்புடன் இணைக்க வேண்டும். உறிஞ்சும் பம்பு நடைமுறையில் 5 முதல் 6 மீட்டர் வரையே நீரைத் தூக்கும் என்பதால், அதற்குக் கீழே ஆழ்துளையிட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்குவதே சரி.

வெளியேறும் நீரைத் தினமும் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, கால்மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால், பக்கத்து வீட்டின் கீழிருந்து மண் வருகிறது என்று கொள்ளுங்கள். நான் வேலை செய்த ஒரு சைட்டில் இதை இரண்டு நாள் பார்க்காமல் விட்டதில், அடுத்த மனையின் மதிற்சுவர் விரல் நுழையுமளவு பிளந்தது. அன்றிலிருந்து புட்டியைப் பார்க்காமல் நான் பம்பை ஓடவிட்டதில்லை. கடற்களிமண்ணோ நீர் வற்றினாலே அமுங்கும். அங்கே நீரை வரவிடாமல் தடுப்புச்சுவர் எழுப்புவதே பக்கத்து வீட்டாருக்குப் பாதுகாப்பு. டீசல் இன்ஜினின் புகை உயிரைப் பறிக்கும் என்பதால், அதை ஒருபோதும் குழிக்குள் வைக்கக் கூடாது.

தளம் போட்டதும் பம்பை நிறுத்துவது பெரும் தவறு. தளத்தின் அடிமட்டத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் சுற்றிலும் நின்றால், அது தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 3 டன் விசையுடன் மேலே தள்ளும். அதே பரப்பில் 60 செ.மீ. கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 1.5 டன்தான். எஞ்சிய பாரம் சுவர்களாகவும் மேல்தளங்களாகவும் ஏறி, பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை, மாற்றுப் பம்பும் ஜெனரேட்டரும் தயாராக இருக்க, இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.