சொந்தக் குதிரைக்குச் சின்ன லாரி: எஞ்சினுக்கு முன் எடையைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணத்தில் குதிரை வைத்திருப்பவருக்கு வாடகைக் குதிரை லாரி நினைத்த நேரத்தில் கிடைக்காது. இரவில் குதிரை வயிற்றுவலியில் உருளும்போது ஈப்போவிலிருந்து லாரி வரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. சொந்தமாக ஒன்று இருந்தால்தான் நிம்மதி. ஆனால் பழைய லாரி பார்க்கப் போகும் பலரும் முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, பெயிண்டைப் பார்த்து, அங்கேயே மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம், பெயிண்டையும் அடித்துக்கொள்ளலாம். லாரி சட்டப்படி எவ்வளவு சுமக்கலாம் என்பது மட்டும் நம் கையில் இல்லை. அதனால் கணக்கை எடையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் உங்கள் குதிரையின் எடை தெரிய வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை இன்னொன்று. இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். நெஞ்சு 186, நீளம் 162 என்றால் சுமார் 470 கிலோ. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் பெரும்பாலும் 450 முதல் 550 கிலோவுக்குள் நிற்கும். மட்டக்குதிரை அதில் பாதி இருக்கலாம்.

இப்போது லாரிக்கு வருவோம். அதன் பக்கவாட்டில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று வெற்று எடை, மற்றொன்று சுமையோடு சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. வெற்று எடையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெட்டி கட்டுவதற்கு முன் எழுதியதாக இருக்கலாம். பிறகு போட்ட இரும்புத் தடுப்பு, குதிரை ஏறி இறங்கும் சாய்பலகையான ரேம்ப், ரப்பர் பாய் எதுவும் அதில் சேர்ந்திருக்காது. 12 மில்லிமீட்டர் ரப்பர் பாய் மட்டுமே ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ. மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் தளம் என்றால் பாய்க்கே 90 கிலோ போய்விடும்.

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. செம்பனை ஆலை எதற்குப் போனாலும் எடைமேடை இருக்கும். ஆலை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, குலை லாரிகள் வரிசை கட்டாத காலை நேரத்தில் போங்கள். டாங்கி நிறைய டீசல், ஓட்டுநர் இருக்கையில் ஆள், உள்ளே எல்லாத் தடுப்பும் பாயும் இருக்கும்படி லாரியை ஏற்றி நிறுக்க வேண்டும். பிறகு முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு முறை, பின்சக்கரங்கள் மட்டும் நிற்க ஒரு முறை எடை போடுங்கள். மூன்று சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு லாரி பார்ப்பது நல்லது.

உதாரணத்துக்கு, மொத்தம் 3,500 கிலோ அனுமதித்த லாரி மேடையில் 2,450 காட்டுகிறது என்று வையுங்கள். மிச்சம் 1,050. இரண்டு குதிரை 940, கூட வருபவர் 70, இரண்டு சேணமும் சாமான்களும் 50, இரண்டு கேன் தண்ணீர் 40, வைக்கோல் 15. கூட்டினால் 1,115. 65 கிலோ அதிகம். 'இரண்டு குதிரைக்கு ஏற்றது' என்று சொல்லி விற்கும் சின்ன லாரிகள் பல இந்தக் கணக்கில்தான் தோற்கின்றன. அதிக பாரம் என்றால் சம்மன் மட்டும் இல்லை, பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடேறி வெடிக்கும், விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். இரண்டு தரோபிரெட் ஏற்ற வேண்டும் என்றால் மொத்த எடை 5,000 கிலோ வகையில் தேடுங்கள். ஒரு பெரிய குதிரையும் ஒரு மட்டக்குதிரையும் என்றால் 3,500 வகை பெரும்பாலும் போதும்.

பின் அச்சின் சீட்டைத் தனியாகப் பாருங்கள். குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. பின்பக்கம் பார்த்து நிற்கும்படி கட்டிய லாரியில் அந்தப் பாரம் பின் அச்சுக்கும் அப்பால் போகும். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சில் பாரம் அளவை மீறிவிடும். அப்போது முன்சக்கரம் இலேசாகி, ஸ்டீயரிங் பிடி தளரும். ஈரமான செம்மண் சாலையில் அது ஆபத்து.

எடை தேறிய பிறகுதான் தளம். ரப்பர் பாயைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிவிட்டதால் தூக்க முடியாது என்று சொன்னால் அந்தத் தளத்தைக் கெட்டதாகவே கணக்கில் வையுங்கள். பலகையை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும், நடுவில் மட்டும் குத்தினால் போதாது. ஆண் குதிரையின் சிறுநீர், அது நிற்கும் இடத்தின் நடுப்பகுதியிலும், பெண் குதிரையுடையது பின்கோடியிலும் விழும். அந்த இரண்டு இடங்களையும், நான்கு மூலைகளையும், ரேம்ப் சேரும் விளிம்பையும் குத்துங்கள். கெருயிங் போன்ற கட்டிப் பலகையில் முனை இறங்காது. இறங்கினால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அலுமினியத் தளமாக இருந்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரின் அமோனியா அதைத் தின்றுவிடும். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். தேங்கும் இடத்துக்குக் கீழேதான் துரு இருக்கும். டார்ச்சோடு லாரிக்கு அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்க்கும். ஓடும் லாரியில் தளம் உடைந்து குதிரையின் கால் சாலையில் இறங்குவதைவிடக் கொடுமை வேறில்லை. இந்த ஒரு சோதனைக்கு அரை மணி நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

உள்ளளவைச் சுருக்கமாகச் சொன்னால், 16 கை உயரக் குதிரைக்கு, அதாவது சுமார் 163 சென்டிமீட்டருக்கு, உள்ளுயரம் 2.2 மீட்டராவது வேண்டும். ஒரு குதிரை நிற்கும் இடத்தின் அகலம் குறைந்தது 80 சென்டிமீட்டர். நடுத்தடுப்பு தளம் வரை இறங்காமல், கீழே ரப்பர் திரையோடு நிற்க வேண்டும். வளைவில் குதிரை காலை அகட்டித்தான் சமநிலை பிடிக்கும், தடுப்பு முழுதாக இறங்கினால் கால் வைக்க இடமில்லாமல் தடுமாறும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு குதிரையின் உடல் படும் எல்லா இடத்தையும் தடவிப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே தோலும் கிழியும். மாட்டு லாரியை வாங்கி மாற்றுகிறவர்கள் பக்கச் சட்டங்களின் இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். உதைக்கும் கால் அதில் மாட்டினால் எலும்பு முறியும். 1.2 மீட்டர் உயரம் வரை பிளைவுட்டும் ரப்பரும் அடிக்க வேண்டும். அந்த எடையையும் கணக்கில் சேருங்கள்.

காற்று நம் நாட்டில் தனிப் பிரச்சினை. மூடிய சரக்குப் பெட்டி டோலில் பத்து நிமிடம் நின்றாலே உள்ளே சூடு ஏறிவிடும். இரு பக்கமும் திறக்கும் ஜன்னலும், கூரையில் காற்றுத் துவாரமும், கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பும் இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுப் பெட்டிக்குள் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். புகை நாற்றம் வந்தால் புகைக்குழாயின் வாயைத் திருப்பச் சொல்ல வேண்டும்.

ரேம்பின் நீளத்தை அளக்க மறக்காதீர்கள். தளம் தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் என்றால் 2 மீட்டர் ரேம்ப் சுமார் 25 பாகைச் சரிவு தரும், 2.5 மீட்டர் ரேம்ப் 20 பாகை. குட்டையான ரேம்பில் குதிரை ஏற மறுப்பது அடம் இல்லை, சறுக்கும் பயம். பழைய ரேம்பின் ஸ்பிரிங் வடம் பிரிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். திறக்கும்போது யாரும் நேர் பின்னால் நிற்கக் கூடாது. ஏற்றும் இடத்தில் மேடான தரையைப் பார்த்து லாரியைப் பின்னோக்கி விட்டால் சரிவு குறையும்.

ஓட்டிப் பார்ப்பது சுமையோடு இருக்கட்டும். 50 கிலோ மணல் மூட்டை இருபது போட்டால் ஒரு டன். குதிரை நிற்கும் இடத்திலேயே அடுக்குங்கள். உர மூட்டை வேண்டாம், சிந்தினால் உலோகத்தை அரிக்கும். அந்தச் சுமையோடு ஒரு மேட்டில் ஏறி, இறக்கத்தில் பிரேக்கைச் சோதியுங்கள். மிதி ஆழமாக இறங்கினாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ பட்டறைச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் சொல்லும். நின்றபடியே கிடந்த லாரியின் டயர், பட்டன் தேயாமலேயே விரிசல் விட்டிருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் வகை ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் இருப்பதும் கண்ணெதிரே நிற்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றிக் கட்டிய பெட்டி, உரிமை மாற்றத்துக்கான ஆய்வில் நிற்காது. எந்த ஓட்டுநர் உரிமம் வேண்டும், சரக்கு வண்டி ஓட்டுவதற்கான ஜிடிஎல் தேவையா என்பதை அந்தக் கிராண்டின் நகலைக் காட்டி ஜேபிஜே முகப்பிடத்திலேயே கேளுங்கள். சரக்கு வண்டி உரிமத்தைத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஏபாட்டில் விசாரியுங்கள். சொந்தக் குதிரைக்கு எடுத்த உரிமத்தில் காசு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் குதிரையை ஏற்றக் கூடாது. மாநிலம் தாண்டுவதாக இருந்தால் கால்நடைச் சேவைத் துறையின் அனுமதிச் சீட்டும் தேவை. 2020-இல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் தாய்லாந்திலும் பிறகு இங்கேயும் வந்தது. கொசுவைவிடச் சிறிய கடிப்பூச்சிகள் பரப்பும் நோய் அது. குதிரை எங்கிருந்து எங்கே போனது என்ற பதிவு இல்லாமல் அதைக் கட்டுப்படுத்த வழியில்லை.

லாரி வீட்டுக்கு வந்ததும் குதிரையைக் கட்டும் ஒழுங்கைப் பழக்குங்கள். ஏறியதும் முதலில் பின்கம்பியைப் போட்டு, அப்புறம்தான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் கயிறு, பிறகு கம்பி. மாற்றிச் செய்தால், கட்டிய நிலையில் குதிரை பின்னால் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்ளலாம். கயிற்றை நேரே வளையத்தில் கட்டாமல், அறுந்துபோகும் ராஃபியாச் சுருக்கு ஒன்றை இடையில் போடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பாயைத் தூக்கித் தண்ணீர் அடித்து, ரேம்பை இறக்கி வைத்துத் தளத்தைக் காயவிட்ட பிறகே பாயைத் திரும்பப் போடுங்கள்.