பாட்டி புடவைக் கரையில் ஒரு ஜோடி வளையல், ஒரு ஜோடி கம்மல்

தையல்கடையில் வெட்டி விழும் துண்டுத் துணிக்கு மும்பையில் ‘சிந்தி’ என்று பெயர். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் தையல் கூடங்கள் நிறைய. வாசலில் மூட்டை மூட்டையாகச் சிந்தி கட்டிக் கிடக்கும். நான் போகும் கூடத்து அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். முதல் தடவை மூட்டையைக் கிளறிக்கொண்டிருந்தேன். “எம்மா, தலையாணிக்கு அடைக்கவா? இது ஆகாது, பூரா பாலியெஸ்டரு” என்றார். வளையல் செய்ய என்று சொன்னேன். “வளையலா? துணியிலயா?” என்று கேட்டுவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டார்.

ஆமாம், துணியில்தான். பழைய பிளாஸ்டிக் வளையல், கழற்றி வைத்த கோட்டு பட்டன், கிழிந்த பட்டுப்புடவை மூன்றும் வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் பசை காய ஒரு ராத்திரியும் போதும். தையல் மெஷின் வேண்டாம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் சரி.

துணி எங்கே கிடைக்கும், எதை எடுப்பது

முதலில் உங்கள் பீரோவின் அடித்தட்டைப் பாருங்கள். பட்டுப்புடவை பெரும்பாலும் மடிப்பில்தான் விடும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழை நொறுங்கி, பிரித்ததும் பிளேடு போட்ட மாதிரி விட்டுப்போகும். உடல் இப்படிப் போனாலும் கரை பல சமயம் திடமாகவே இருக்கும். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா (குறுக்கு நூலை ஓட்டும் தறிக் கருவி) ஓட்டி, நெய்யும்போதே இரண்டையும் கோத்துக்கொண்டு போவார்கள். கரையில் நெசவும் நெருக்கம், ஜரிகையும் சேர்கிறது. நமக்கு வேண்டியது அந்த மூன்று, நான்கு இன்ச் கரைதான்.

வீட்டில் இல்லையென்றால் பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தருகிற குஜராத்திப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கமும் இந்த வியாபாரம் உண்டு. நாம் துணியைப் போடத்தான் அவர்களைக் கூப்பிடுவோம். அவர்களிடமே திரும்ப வாங்கலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் தோன்றவில்லை.

கரையைத் தேர்ந்ததும் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். ‘சர்ர்’ என்ற சின்னச் சத்தம் கேட்டாலே அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் மெலிந்த இடம் தானாகத் தெரியும்.

பட்டுதானா என்று சந்தேகமா? நாலு இழையை உருவி, பாத்திரம் தேய்க்கும் தொட்டி மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகிய வாடை, விரலில் நசுக்கினால் பொடியும் சாம்பல் என்றால் பட்டு. காகிதம் எரிந்த வாடை வந்தால் பருத்தி. உருகி, ஆறினதும் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். மூன்றிலும் வளையல் செய்யலாம். ஆனால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கத்தரி வைக்கும் முன் ஜரிகையைப் பாருங்கள்

இதை நான் செய்யாமல் விட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாட்டியின் அரக்குப் புடவை, மாங்காய்க் கரை. ஒரு முழம் நறுக்கின பிறகு அம்மா ஒரு ஜரிகை இழையை உருவி, ஊசி முனையால் மேல்தகட்டைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே சிவப்புப் பட்டு நூல். தகட்டைச் சுரண்டினால் வெள்ளை. “வெள்ளிடீ இது. இதையா வளையலுக்கு வெட்டினே?”

அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயம் தோய்த்த பட்டு நூலில் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. சுரண்டும்போது செம்பு நிறம் தெரிந்தால் சாதாரண ஜரிகை. கொளுத்தினால் சுருண்டு உருகினால் பிளாஸ்டிக். வெள்ளி ஜரிகைப் புடவையைக் காசுக்கு எடுத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு. விற்பதா, வெட்டுவதா என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. வெட்டியே தீருவேன் என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

பழைய பட்டை அலச பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் போடுங்கள். ஜூலை மாத மும்பையில் இந்த வேலையையே எடுக்காதீர்கள். காய்வதற்குள் பூஞ்சை வாடை ஏறிவிடும். இஸ்திரி போடும்போது மேலே ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

வளையல்

அகலமான பிளாஸ்டிக் வளையல் ஒன்று எடுங்கள். பட்டை ஒரு இன்ச் அகலம் இருந்தால் கரைப் பூ நன்றாகத் தெரியும். அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். துணி உள்பக்கமும் மடிந்து வருவதால் வளையல் இறுகும். நான் எப்போதும் போடுவது 2.6. அதே அளவில் செய்து போட்டேன். மொளியில் மாட்டி, சோப்பு போட்டுக் கழற்றும்போது பட்டு நனைந்து எல்லாம் பாழ். உங்கள் அளவுக்கு ஒரு அளவு பெரிதாக எடுங்கள். 2.6 போடுகிறவருக்கு 2.8. இந்த எண்களில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பதினாறில் பாகம். 2.8 என்றால் இரண்டு இன்ச்சும் பதினாறில் எட்டும், அதாவது உள்விட்டம் இரண்டரை இன்ச்.

வளையலின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பைப் போக்குங்கள். வழவழப்பு இருந்தால் பசை பிடிக்காது. வெளிச்சுற்றைத் தையல் டேப்பால் அளந்து, அதோடு முக்கால் இன்ச் கூட்டுங்கள். என் 2.8 வளையலுக்கு ஒன்பதரை இன்ச் நீளம் தேவைப்பட்டது. அகலம் இரண்டு இன்ச்: மேலே ஒன்று, இரண்டு ஓரத்தின் தடிமனுக்குக் கால், உள்ளே மடங்க இரு பக்கமும் சேர்த்து முக்கால். வெட்டுகிற கோட்டின் மேல் முதலில் தண்ணீர் கலந்த பசையை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு, பிறகு வெட்டுங்கள். பட்டு இழை பிரிந்து ஓடாது.

வெட்டும் முன் ஒரு நிமிஷம் பூவைக் கவனியுங்கள். முழு மாங்காயில் ஆரம்பித்து முழு மாங்காயில் முடிகிற மாதிரி துண்டை நகர்த்திப் பாருங்கள். ‘இணைப்பு கீழ்ப்பக்கம் தானே, யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று விட்டேன். வளையல் கையில் சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மாங்காய் மேலே வந்து உட்கார்ந்துகொண்டு பஸ்ஸில் எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி ஒட்டுவது. வெள்ளைப் பசையை வளையல் மேல்தான் தடவ வேண்டும், துணி மேல் தடவக் கூடாது. பிரஷ் காய்ந்த மாதிரி தோன்றுகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவி, இரண்டு நிமிஷம் விட்டு, கையில் ஒட்டும் பதம் வந்ததும் துணியை வையுங்கள். பசை ஈரமாக இருந்தால் பட்டின் வழியாக ஊறி, வெளியே கறுத்துத் தெரியும். அந்தக் கறை போகாது. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே சுற்றி வாருங்கள். கடைசி முனையைக் கால் இன்ச் உள்ளே மடித்து, தொடக்கத்தின் மேல் ஏற்றி, அதே நிற நூலில் பொடித் தையல் போடுங்கள்.

இப்போது இருபக்கமும் துணி விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். வளையலின் உள்சுற்று வெளிச்சுற்றைவிடச் சின்னது. அப்படியே மடித்தால் துணி கொசுவம் கொசுவமாகச் சுருங்கும். அரை இன்ச்சுக்கு ஒன்றாக, கால் இன்ச் ஆழத்தில் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். அதற்கு மேல் ஆழமாகப் போனால் ஓரத்தில் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். பிறகு பல்லுப் பல்லாக உள்ளே மடித்து ஒட்டி, துணிக் கொடி கிளிப்பைச் சுற்றிலும் மாட்டி ஒரு ராத்திரி விடுங்கள். என் வளையல் பத்து கிளிப்போடு முள்ளம்பன்றி மாதிரி டிவி மேல் கிடந்தது. மறுநாள் உள்பக்கத்துக்கு முக்கால் இன்ச் அகலத்தில் மெல்லிய பருத்திப் பட்டி ஒன்றை ஒட்டினால் வெட்டின பற்கள் மறைந்துவிடும். வியர்வையும் பட்டில் ஏறாது.

மெல்லிய வளையலுக்குக் கரை ஆகாது. சிந்தியை நாற்பத்தைந்து டிகிரியில், தையல்காரர் சொல்கிற ‘கிராஸ்’ வெட்டில், அரை இன்ச் பட்டியாக வெட்டுங்கள். கிராஸில் துணி இழுபடும், அதனால் வளைவில் சுருங்காமல் படியும். பாதி மேல் பாதியாக ஏற்றிச் சுற்றிக்கொண்டே போங்கள். ஒரு வளையலுக்கு முக்கால் மீட்டர் பட்டி வரை பிடிக்கும்.

கம்மல்

இது இன்னும் சுலபம். கோட்டு பட்டன் இரண்டு, ஒரு இன்ச் அகலமுள்ளவை. அவற்றின் அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கில் துணியை வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளிச் சுற்றிலும் நூலோட்டம் போடுங்கள். பட்டனை நடுவில் வைத்து நூலை இழுத்தால் சுருக்குப்பை மாதிரி வாய் மூடிக்கொள்ளும். முடிச்சு போடும் முன் திருப்பிப் பார்த்து, பூ நடுவில் இருக்கிறதா என்று சரிசெய்துகொள்ளுங்கள். பட்டனின் ஓட்டை துணி வழியே பள்ளமாகத் தெரிந்தால் இடையில் ஒரு அட்டை வட்டம் வையுங்கள். பின்பக்கம் மூட, தாராவியில் கிடைக்கிற வெட்டுத்தோல் எனக்குப் பிடித்தது. ஒட்டினால் அலுங்காது.

கொக்கியும் அதைக் கோக்கும் சின்ன வளையமும் மும்பை புலேஷ்வர் கடைத்தெருவில் பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கும். சர்னி ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அந்த வளையத்தை அகட்டித் திறக்காதீர்கள். குறட்டால் இரு முனையையும் பிடித்து ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருகுங்கள், மூடும்போதும் அப்படியே. அகட்டினால் வட்டம் கெட்டு, ரயில் கூட்டத்தில் கம்மல் கழன்று விழும். காது சீக்கிரம் புண்ணாகிறவர்கள் நிக்கல் கலக்காத கொக்கியாகக் கேட்டு வாங்குங்கள். மலிவுக் கொக்கியில் அரிப்பு வருவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

கழுத்துக்கு வேண்டுமானால் மூன்று பருத்திப் பட்டியைப் பின்னல் போட்டு, நடுவில் ஏதாவது பழம்பொருளைத் தொங்கவிடலாம். மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில், மட்டன் தெருவில் எனக்கு ஒரு பித்தளைச் சாவி கிடைத்தது. பூட்டு இல்லாத சாவி. புளி போட்டுத் தேய்த்து, நிறமில்லாத நகப்பூச்சை ஒரு கை பூசினேன். இல்லையென்றால் வியர்வையில் கழுத்துப் பச்சையாகிவிடும். வெள்ளிக்கிழமை அங்கே கடைகள் அடைத்திருக்கும். அன்று தெருவில் பரப்பி விற்பவர்களிடம்தான் இந்த மாதிரித் தட்டுமுட்டு அகப்படும், சீக்கிரம் போனால்.

போன வாரம் சிந்தி எடுக்கப் போனபோது அந்த அரக்கு வளையலைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அண்ணாச்சி மெஷினை நிறுத்தி, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பட்டியை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். “தையலு பரவாயில்ல” என்றார். பிறகு மூட்டையிலிருந்து ஒரு மயில்கழுத்துப் பட்டுத் துண்டை உருவி என் பையில் போட்டார். “மகளுக்கு ஒண்ணு செஞ்சு தாம்மா. கை சின்னக் கை. 2.4.”

அப்படியென்றால் நான் 2.6 வளையல் வாங்க வேண்டும்.