பின்னப் பெருக்கல்: பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. காலில் அரை, அதாவது 1/4 × 1/2 = 1/8. பின்னப் பெருக்கல் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் பெருக்கல் குறியை 'இல்' என்று வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குவேன். பெருக்கினால் எண் பெரிதாகத்தான் வேண்டும் என்ற எண்ணம் அதிலேயே பாதி கரைந்துவிடும்.

கூட்டல் படித்த கையோடு வருபவர்கள் 2/3 × 4/5 என்றதும் பகுதியைச் சமமாக்க உட்கார்ந்துவிடுவார்கள். 10/15 × 12/15 என்று மாற்றி, மேலே பெருக்கி, கீழே 15-ஐ அப்படியே வைத்து, 120/15 = 8 என்று முடிப்பார்கள். ஒன்றுக்கும் குறைவான ஓர் அளவில் ஒரு பங்கை எடுத்தால் எட்டு எப்படி வரும்? தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் பெருக்கினால் போதும்: 8/15.

அடுத்தது முழு எண். 3 × 2/5-க்கு மேலும் கீழும் 3-ஆல் பெருக்கி 6/15 என்பார்கள். சுருக்கிப் பாருங்கள், பழைய 2/5 தான். 3-ஐ 3/1 என்று எழுதிக்கொண்டால் 6/5 சரியாக வரும்.

நான் அதிகம் திருத்துவது கலப்பு பின்னத்தைத்தான். 2½ × 1½ என்றால் முழு எண்களைத் தனியாக, பின்னங்களைத் தனியாகப் பெருக்கி 2¼ என்று எழுதிவிடுகிறார்கள். விதியைச் சொல்வதற்கு முன் படம் வரையச் சொல்லுங்கள். 2½ நீளம், 1½ அகலம் உள்ள ஒரு செவ்வகம். அதற்குள் நான்கு துண்டுகள் இருக்கும்: 2 × 1 = 2, 2 × ½ = 1, ½ × 1 = ½, ½ × ½ = ¼. மொத்தம் 3¾. நடுவில் உள்ள இரண்டு துண்டுகளை விட்டுவிட்டோம் என்பது பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். அப்புறம் 5/2 × 3/2 = 15/4 என்ற சுருக்கு வழியைக் காட்டினால் மறக்காது.

அடித்துச் சுருக்கும்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என்றுதான் அடிக்க வேண்டும். 4/9 × 8/15-இல் 4, 8 இரண்டும் மேலே இருப்பவை, அடிக்கக் கூடாது. 4/9 × 3/8-இல் 4-ஐயும் 8-ஐயும் அடிக்கலாம், 3-ஐயும் 9-ஐயும் அடிக்கலாம், விடை 1/6. அடித்த இடத்தில் 1 என்று சின்னதாக எழுத வையுங்கள். இல்லாவிட்டால் 3/4 × 4/3-இல் எல்லாம் அடிபட்டதும், மீதி ஒன்றுமில்லை என்று 0 போட்டுவிடுவார்கள். விடை 1.